பக்கத்து வீட்டுத் துப்பாக்கி

கால் நூற்றாண்டு அமெரிக்க வாழ்க்கையில் ஒரு கோவைக்காரருக்கு எல்லாம் பழகிவிட்டது, ஒன்றைத் தவிர

கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்விதான். ஆனால் அதற்குள் நான்கு முறை தொலைபேசியை எடுத்து வைத்துவிட்டார் அவர். ஒன்பது வயது இளைய மகளைப் பள்ளித் தோழியின் வீட்டில் ஓர் இரவு தங்க அழைத்திருந்தார்கள். குழந்தைக்கு எந்த உணவு ஒத்துக்கொள்ளாது, வீட்டில் நாய் உண்டா, மறுநாள் எத்தனை மணிக்கு வந்து அழைத்துக்கொள்ளலாம் - எல்லாம் பேசியாகிவிட்டது. மிச்சமிருந்தது இதுதான்: வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, இருந்தால் பூட்டி வைத்திருக்கிறார்களா?

இப்படிக் கேட்கச் சொல்வது அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் அமைப்பேதான். அதற்காக ஒரு பிரசாரமே நடக்கிறது. ஆனால் டெக்ஸஸ் மாநிலத்தில் அடுத்தவர் வீட்டுத் துப்பாக்கியைப் பற்றி விசாரிப்பது, நம் ஊரில் அடுத்தவர் வீட்டு நகையைப் பற்றி விசாரிப்பது போல. அதுவும் பழுப்புத் தோலும் வேற்று உச்சரிப்பும் கொண்ட ஒருவர் கேட்டால்? பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட அந்த 50 வயது மென்பொருள் பொறியாளரைத் தயங்க வைத்தது இந்தக் கூச்சம்தான். அழைப்பு வந்தது 2023 மே மாதம். அவர் வசிப்பது டல்லாஸ் நகருக்கு வடக்கே உள்ள பிளேனோவில். அடுத்த ஊர் ஆலன்.

அந்த மே 6ஆம் தேதி, சனிக்கிழமை மாலை, ஆலன் நகரின் ஷாப்பிங் மாலில் ஒருவன் காரை விட்டு இறங்கிச் சுட ஆரம்பித்தான். எட்டுப் பேர் இறந்தார்கள். அவர்களில் தொடக்கப் பள்ளியில் படித்த சகோதரிகள் இருவர். ஹைதராபாதிலிருந்து சென்ற இளம் பெண் பொறியாளர் ஒருவர். வேறு வேலையாக அங்கே வந்திருந்த போலீஸ்காரர் ஒருவர் கொலைகாரனைச் சுட்டு வீழ்த்தினார். அவன் கொண்டுவந்திருந்த துப்பாக்கிகள் எட்டு. எல்லாமே சட்டப்படி வாங்கியவை. மனநலக் காரணங்களுக்காக 2008ல் ராணுவப் பயிற்சியிலிருந்து அனுப்பப்பட்டவன் அவன் என்பது பிறகு தெரிந்தது. பண்டிகைத் தள்ளுபடிக்குப் பொறியாளரின் குடும்பம் வழக்கமாகப் போகும் மால் அது.

1999ல் எச்-1பி விசாவில் அமெரிக்கா போய் இறங்கியபோது துப்பாக்கி என்றால் அவருக்குத் தெரிந்தது இரண்டுதான். ஒன்று, வங்கி வாசலில் முக்காலியில் உட்கார்ந்திருக்கும் காவலாளியின் இரட்டைக்குழல். இன்னொன்று, கோவைக்கு அருகே தோட்டம் வைத்திருந்த தாத்தாவிடம் பயிர்ப் பாதுகாப்புக்காக உரிமம் பெற்று இருந்த ஒற்றைக்குழல். தேர்தல் வந்தால் தாத்தா அதைத் துணியில் சுற்றி எடுத்துப்போய்க் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். துப்பாக்கி என்பது கலெக்டர் மனது வைத்துக் கொடுக்கும் சலுகை, அரசு கேட்டால் திருப்பித் தர வேண்டிய பொருள் என்பதே அவர் வளர்ந்த நாட்டின் பாடம். போய்ச் சேர்ந்த நாட்டில் அது உரிமை. அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தமாக 1791லேயே எழுதப்பட்டது. அரசைக் கண்டு மக்கள் பயப்படாமல் இருக்கத்தான் துப்பாக்கி என்று அங்கே பலர் நம்புகிறார்கள்.

இந்த வித்தியாசத்தை அவருக்குப் புரிய வைத்தவர் ஓர் அலுவலக நண்பர். கிழக்கு டெக்ஸஸ்காரர், ஒவ்வொரு நவம்பரிலும் மான் வேட்டைக்குப் போவார், கறியைப் பொட்டலம் கட்டி நண்பர்களுக்குத் தருவார். அவருடன் ஒரு முறை சுடுதளத்துக்குப் போனார் கோவைக்காரர். குண்டு இல்லாத துப்பாக்கியைக்கூட மனிதர் பக்கம் திருப்பக் கூடாது, இலக்கைப் பார்க்கும் வரை விரல் விசையில் படக் கூடாது என்று வாத்தியார் போலச் சொல்லிக் கொடுத்தார் நண்பர். தன் அப்பாவிடம் ஏழெட்டு வயதில் கற்றதாம். முதல் குண்டு தோளை இடித்தது. ஐந்தாவது குண்டு காகிதத்தின் நடுவில் துளை போட்டது. பிடித்திருந்தது என்று கோவைக்காரர் ஒப்புக்கொள்கிறார், கொஞ்சம் வெட்கத்தோடு. துப்பாக்கிப் பிரியர்கள் எல்லாரும் வெறியர்கள் என்ற எண்ணம் அன்றோடு போனது. இந்தியப் பத்திரிகைகளில் வரும் அமெரிக்கச் சித்திரத்தில் இந்த மான்கறி நண்பருக்கு இடமில்லை என்பதும் உண்மைதான்.

சட்டத்தின் விசித்திரங்களைப் பிறகுதான் அறிந்தார். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. 1998லிருந்து இப்படி ஒரு தடை. ஆனால் வேட்டை உரிமம் வாங்கினால் விதிவிலக்கு உண்டு. அந்த உரிமத்தையோ தூண்டிலும் கூடாரமும் விற்கும் கடையிலேயே வாங்கலாம். கடைக்காரர் உரிமம் பெற்ற வியாபாரியாக இருந்தால் வாங்குபவரின் பெயரை மத்திய அரசின் கணினியில் சரிபார்க்க வேண்டும். பெரும்பாலும் சில நிமிட வேலை. டெக்ஸஸில் ஒரு தனி நபர் இன்னொரு தனி நபருக்கு விற்றால் அதுவும் இல்லை. 2021 செப்டம்பரிலிருந்து, 21 வயதானவர் கைத்துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு நடமாட அந்த மாநிலத்தில் உரிமமும் தேவையில்லை. வேண்டாம் என்று நினைக்கும் கடைக்காரர் ஓர் அங்குல எழுத்தில், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், வாசலில் அறிவிப்பு வைத்துக்கொள்ளலாம்.

கிரீன் கார்டு வந்ததும் விசாத் தடையும் போயிற்று. வாங்கலாமா என்று அவரே யோசித்த காலம் ஒன்று உண்டு. இந்தியர் வீடுகளில் தங்கம் இருக்கும் என்று திருடர்களுக்குத் தெரியும். அடுத்த தெருவில் ஒரு குஜராத்திக் குடும்பம் கொள்ளை போனது. 2017 பிப்ரவரியில் கன்ஸாஸ் மாநிலம் ஓலேத்தாவில், மதுக்கூடத்தில் அமர்ந்திருந்த தெலுங்குப் பொறியாளரை, தன் நாட்டை விட்டுப் போகச் சொல்லிக் கத்திய ஒருவன் சுட்டுக் கொன்றான். அந்த வாரம் நண்பர்கள் வட்டாரத்தில் மூன்று பேர் பிஸ்டல் வாங்கினார்கள். தடுத்தவர் மனைவி. அவரது வாதம் எளிமையானது: திருடன் என்றைக்கோ வருவான், குழந்தைகள் தினமும் வீட்டில் இருக்கிறார்கள்.

புள்ளிவிவரம் மனைவியின் பக்கம். 2021ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். இவர்களில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். செய்திகளில் வருவது மால், பள்ளிக்கூடம், தேவாலயம். சாவு அதிகம் நடப்பது படுக்கையறையில். துப்பாக்கியால் தற்கொலைக்கு முயல்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைப்பதில்லை. ஒரு மணி நேரக் கையாலாகாத் துயரம் எந்த வீட்டிலும் வரக்கூடியது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

கட்டுப்பாடு ஏன் வருவதில்லை? கோவையிலிருந்து தொலைபேசும் உறவினர்கள் தவறாமல் கேட்பது இது. 2007 ஏப்ரலில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் கொல்லப்பட்டபோது அவர்களில் ஒருவர் கோபிச்செட்டிபாளையம் அருகே பிறந்து, கோவையில் பொறியியல் படித்த பேராசிரியர் ஜி.வி. லோகநாதன். வகுப்பில் நீரியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். கொலை செய்த மாணவனுக்கு மனநல சிகிச்சை தேவை என்று 2005லேயே நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. அந்தத் தகவல் மத்தியக் கணினிக்குப் போகவில்லை. இரண்டு பிஸ்டல்களை அவன் சோதனையில் தேறியே வாங்கினான். இந்த ஓட்டையை அடைக்க 2008 ஜனவரியில் ஒரு சட்டம் வந்தது. ஓட்டை தெரிந்த இடத்தில் ஒட்டுப் போடுவதுதான் அமெரிக்க வழக்கம்.

அதற்கும் மேலே போக முயன்றால் செனட் குறுக்கே நிற்கும். பள்ளிக் குழந்தைகள் 20 பேர் இறந்த சாண்டி ஹூக் சம்பவத்துக்குப் பிறகு, வாங்குவோர் பின்னணிச் சோதனையை விரிவாக்கும் திட்டத்துக்கு 2013 ஏப்ரலில் 54 வாக்குகள் கிடைத்தன. வேண்டியது 60. சிறிய மாநிலத்துக்கும் பெரிய மாநிலத்துக்கும் அங்கே இரண்டே உறுப்பினர்கள்தான். நீதிமன்றமும் உரிமையின் பக்கமே சாய்ந்திருக்கிறது. வீட்டில் தற்காப்புக்காக வைத்திருப்பது தனி மனித உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2008ல் சொன்னது. வெளியே எடுத்துச் செல்வதும் உரிமையே என்றது 2022 ஜூன் 23ஆம் தேதி. இரண்டு நாள் கழித்து, 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் கூடுதலாகச் சோதிக்கும் சட்டத்தில் ஜனாதிபதி பைடன் கையெழுத்திட்டார். அதற்கு முந்தைய மாதம் டெக்ஸஸின் யுவால்டேயில் 19 குழந்தைகளையும் இரண்டு ஆசிரியைகளையும் கொன்றவனுக்கு வயது 18. பிறந்த நாள் முடிந்த கையோடு இரண்டு ரைஃபிள் வாங்கியிருந்தான்.

அமெரிக்கக் குடிமகனாகிவிட்ட பொறியாளர் ஒவ்வொரு தேர்தலிலும் ஓட்டுப் போடுகிறார். மான்கறி நண்பரும் போடுகிறார், வேறு கட்சிக்கு. 1994லிருந்து 2004 வரை இருந்த ராணுவ பாணி ரைஃபிள் தடையைத் திரும்பக் கொண்டுவரலாமே என்று ஒரு முறை கேட்டதற்கு, இன்று அதைக் கொடுத்தால் நாளை மான் துப்பாக்கியைக் கேட்பார்கள் என்றார் நண்பர். சுமார் 39 கோடித் துப்பாக்கிகள் மக்கள் கையில் இருப்பதாக 2018ல் கணக்கிட்ட நாட்டில், யார் போய்க் கேட்பார்கள் என்பது கோவைக்காரருக்கு இன்றும் புரியவில்லை. நட்பு தொடர்கிறது. அந்தப் பேச்சு தொடரவில்லை.

ஐந்தாவது முறை எடுத்த தொலைபேசியில் கேள்வியைக் கேட்டுவிட்டார். தோழியின் அம்மா கோபப்படவில்லை. கணவரின் வேட்டைத் துப்பாக்கிகள் இரும்புப் பெட்டகத்தில் இருக்கின்றன என்றார் சட்டென்று. பிறகு சிறிது நேரம் சத்தமில்லை. கட்டிலுக்குப் பக்கத்து டிராயரில் ஒரு பிஸ்டல் இருப்பதாகவும், அதையும் பெட்டகத்தில் வைக்கச் சொல்வதாகவும் சொன்னார். மகள் போனாள். அப்பாவுக்கு அன்றிரவு தூக்கமில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போலக் கோவைப் பாட்டியுடன் வீடியோவில் பேச்சு. பள்ளியில் நடந்த ஒத்திகையைப் பேத்தி நடித்துக் காட்டினாள்: விளக்கை அணைப்பது, கதவு ஜன்னலிலிருந்து தெரியாத மூலையில் எல்லாரும் ஒட்டி உட்காருவது, தும்மல் வந்தாலும் மூக்கைப் பிடித்துக்கொள்வது. தன் வகுப்பில் யாருமே சிரிக்கவில்லை, தாங்கள்தான் முதல் என்றாள். எதற்கு இதெல்லாம் என்று பாட்டி கேட்டார். மகள் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"இங்கே புயல் அடிக்கும் அம்மா, அதற்குத்தான்."