தலைமன்னார்த் துறையும் நீராவிக் கப்பலும்

மன்னார்த் தீவின் மேற்கு முனையிலே அமைந்த ஊர் தலைமன்னார். புகையிரதத்தில் அங்குச் சென்று இறங்குவோர் கடலை நோக்கினால், அலைகளுக்கிடையே சிதைந்து நிற்கும் பழைய இறங்குதுறையொன்றைக் காண்பர். அதற்கு அண்மையில் 1915ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற கலங்கரை விளக்கம் நிற்கிறது. துறையின் எச்சம் இருக்கிறது, விளக்கம் இருக்கிறது, இவை எதன் பொருட்டு அமைந்தனவோ, அந்தக் கப்பல் மட்டும் இல்லை.

உலகின் வேறு பல இடங்களில், நூறாண்டுக்கு முற்பட்ட நீராவிக் கப்பல்கள் செப்பனிடப்பெற்று இன்றும் மக்கள் கண்முன் நிற்கின்றன. நம் கடலில் ஓடியவற்றுள் ஒன்றேனும் எஞ்சாமற் போனது ஏன்? எஞ்சியவற்றுள் நாம் மீட்டுக் காக்கக்கூடியது யாது? இவ்விரு வினாக்களையும் சிறிது ஆராய்வோம்.

தமிழகத்துக்கும் மன்னாருக்கும் இடையே தோணிப் போக்குவரத்து மிகப் பழையது. மாதோட்டம் என்னும் துறையின் பெயரை வரலாறு கற்றோர் யாவரும் அறிவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில், மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களுக்கெனப் புறப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பலர் பாய்மரத் தோணிகளில் மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை கால்நடையாகச் சென்றனர். வழியிலே நோயாலும் பசியாலும் மாண்டோர் மிகப் பலர். வசதி படைத்த பயணிகளோ தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்பை அடைந்தனர்.

இந்நிலை 1914ஆம் ஆண்டில் மாறியது. அவ்வாண்டு பெப்ரவரி 24ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. இருப்புப்பாதை இராமேசுவரத் தீவினுள் நுழைந்து தனுஷ்கோடி வரை சென்றது. இக்கரையிலும் மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரை பாதை அமைந்தது. இரு பாதைகளின் முனைகளுக்கும் இடையே எஞ்சியது ஏறக்குறைய 22 மைல், அதாவது 35 கிலோமீட்டர் கடலேயாகும். அந்த இடைவெளியை நிரப்பும் பொருட்டுத் தென்னிந்திய இரயில்வேக் கம்பெனியார் நீராவிக் கப்பல்களை ஓடவிட்டனர். தொடக்கத்தில் கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்சு என்னும் கப்பல்களும், பிற்காலத்தில் இர்வின், கோஷன் என்னும் கப்பல்களும் ஓடின. இவையனைத்தும் இந்தியாவை ஆண்ட ஆங்கிலேயத் தேசாதிபதிகள், ஆளுநர்களின் பெயர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. சென்னையில் ஒரே பயணச்சீட்டைப் பெற்றுக் கொழும்பு வரை செல்லலாம். எழும்பூரில் மாலையில் வண்டியேறியவர் மறுநாள் தனுஷ்கோடியிலே கப்பலேறுவார். இரண்டு மணி நேர அளவில் தலைமன்னாரில் இறங்குவார். இரவு வண்டியில் உறங்கிக் கொழும்பிலே கண்விழிப்பார். ‘போட் மெயில்’ என்று மக்கள் வழங்கிய பயணம் இதுவே.

ஆயினும், எல்லாரும் ஒரே வகையாகப் பயணஞ் செய்தாரல்லர். தோட்டத் தொழிலுக்கென வந்தோர் முதலில் மண்டபம் முகாமிலே தங்கி, மருத்துவச் சோதனைக்கு உட்பட்ட பின்னரே கப்பலேற இயன்றது. மேல்வகுப்புப் பயணிக்கு அக்கப்பல் ஒரு மாலைநேர உலாப் போன்றது. தொழிலாளிக்கோ அது பிறந்த ஊரிலிருந்து பிரித்துவிட்ட வாகனம்.

இனி, நீராவிக் கப்பலின் இயல்பைச் சிறிது நோக்குவோம். அதன் உயிர்நிலை கொதிகலன். நிலக்கரி எரிய, கலத்திலுள்ள நீர் ஆவியாகி, அழுத்தங் கொண்டு இயந்திரத்தை உந்துகிறது. இயந்திரம் நீரினடியிலுள்ள சுழல்விசிறியைச் சுழற்றுகிறது. கடற்கப்பலுக்கு இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. சுற்றிலும் நீர் இருந்தும் அந்நீரைக் கொதிகலனில் இடலாகாது. இட்டால் உப்புப் படிந்து, கலம் வெப்பத்தைத் தாங்காது கெடும். ஆகவே, நன்னீரைக் கரையிலிருந்து ஏற்றிச் சென்று, வேலை முடித்த ஆவியைக் குளிரச் செய்து, அந்நீரையே மீண்டும் மீண்டும் பயன்படுத்துவர். உட்புறத்தை இவ்வாறு காத்தாலும் வெளிப்புறத்தை உப்பு விடுவதில்லை. இரும்பை அரிக்கும், சிப்பியும் பாசியும் அடித்தட்டிலே படியும். ஆண்டுதோறும் பழுதுபார்க்காத கடற்கப்பல் நெடுங்காலம் வாழாது.

ஏரிக் கப்பலின் நிலை வேறு. நன்னீர் இரும்புக்கு அத்துணைக் கொடியதன்று. ஏரிக் கப்பல் ஒருவகையிற் சிறைப்பட்டதுமாகும். அதனை வேறொரு நாட்டுத் துறைக்கு ஓட்டிச் சென்று உடைத்து விற்றல் எளிதன்று. எனவே, வேலை ஓய்ந்த பின்னும் அது கரையோரத்திலேயே கிடக்கும். கிடப்பதனால், பிற்காலத்தவர் கண்ணில் படும்.

ஆப்பிரிக்காவின் தங்கனீக்கா ஏரியில் ஓடிய ‘லீம்பா’ என்னும் கப்பலின் கதை இதற்குச் சான்று. 1913இல் ஜெர்மனியிலே கட்டப்பெற்ற அக்கப்பலை, மீண்டும் பகுதி பகுதியாகப் பிரித்துப் பெட்டிகளில் அடைத்து, கடல் வழியாகவும் இருப்புப்பாதை வழியாகவும் ஏரிக்கரைக்குக் கொண்டுசென்று பூட்டினர். முதல் உலகப்போரின்போது, 1916இல், பகைவர் கையில் சிக்காதிருக்கும் பொருட்டு ஜெர்மானியரே அதனை மூழ்கடித்தனர். ஆனால், மூழ்கடிக்குமுன் இயந்திரங்களுக்கு நன்றாகக் கொழுப்பைப் பூசி வைத்தனர். பல ஆண்டுகள் நீரடியிற் கிடந்த கப்பலை 1924இல் ஆங்கிலேயர் வெளியே எடுத்தபோது, இயந்திரம் பெரிதும் கெடாதிருந்தது. 1927இல் அது புதுப்பெயர் பூண்டு மீண்டும் பயணிகளை ஏற்றியது. 1970களில் நீராவி இயந்திரத்துக்கு ஈடாக டீசல் இயந்திரம் வைக்கப்பெற்றது.

இங்கிலாந்தில், கானிஸ்டன் ஏரியிலே 1859 முதல் ஓடிய ‘கொண்டோலா’ என்னும் சிறு நீராவிப் படகு, பின்னர் கரையொதுங்கிப் பாழாய்க் கிடந்தது. அதனை ஓர் அறநிறுவனத்தார் ஏற்றுப் புதிதாகக் கட்டுவித்து, 1980இல் மீண்டும் ஓடச் செய்தனர். பழைய உடலில் பெரும்பகுதி பயன்படவில்லை. எனினும் அதே வடிவம், அதே ஏரி, அதே தொழில். அவ்வூரார் அதனைப் பழைய கப்பலென்றே போற்றுகின்றனர்.

இவ்விரண்டிலிருந்தும் நாம் அறிவது என்ன? ஒரு கப்பல் பிழைப்பதற்கு மூன்று வேண்டும்: இரக்கமுள்ள நீர், ஓயாத வேலை, ‘இஃது எம்முடையது’ என்று உரிமை கூறும் மக்கள். நம் நீராவிக் கப்பல்களுக்கு முதலாவது இயற்கையால் இல்லை. இரண்டாவதும் மூன்றாவதும் எவ்வாறு போயின என்பதே நம் வரலாற்றின் துயரப் பகுதி.

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டனர். மலைநாட்டுத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் அதில் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர் முடிவு செய்ய விடப்பட்டது. அதன்பின் இரண்டு திங்கள் நிறைவதற்கு முன்னரே, டிசம்பர் 22ஆம் நாள் இரவில் வீசிய பெரும் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் வண்டியொன்றைக் கடல் விழுங்க, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மன்னார்க் கரையும் அப்புயலுக்குத் தப்பவில்லை. தனுஷ்கோடித் துறை மீண்டும் எழவேயில்லை.

பின்னர்க் கப்பல் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடியது. அக்காலத்தில் ஓடிய ‘இராமானுஜம்’ என்னும் கப்பலின் பெயர் இன்றும் இரு கரையிலும் முதியோர் நாவிலே வழங்குகிறது. பாட்டன் தோணியிலும் கப்பலிலும் வந்த கடலை, பேரன் எதிர்த்திசையிலே கடந்தான். இலங்கையிலேயே பிறந்து, தேயிலைச் செடியின்றி வேறு நிலத்தைக் காணாத பல்லாயிரவர், ‘தாயகம் திரும்புவோர்’ என்னும் பெயரோடு தலைமன்னார்த் துறையிலே நின்றனர். அவர்களுக்கு அக்கப்பல் திரும்புதற்குரியதன்று. போவதற்கு மட்டுமே உரியது. உள்நாட்டுக் கலவரம் மூண்ட நிலையில், 1984ஆம் ஆண்டோடு அப்போக்குவரத்தும் நின்றது. 1990இல் மன்னாருக்குச் செல்லும் புகையிரதமும் நின்றது. வேலை போயிற்று. உரிமை கூற வேண்டிய மக்களோ, ஒரு பகுதியினர் அக்கரையிலும் ஒரு பகுதியினர் இக்கரையிலுமாகச் சிதறினர். கப்பலைக் காப்பார் யார்?

ஆயினும், நேயர்களே, மீட்சி என்பது கப்பலுக்கு மட்டும் உரியதன்று, வழிக்கும் உரியது. மதவாச்சியிலிருந்து சென்ற பழைய பாதை, இந்திய நிறுவனமொன்றின் பணியால் மீண்டும் அமைக்கப்பெற்றது. 2013இல் மடு வீதி வரையிலும், 2015ஆம் ஆண்டு மார்ச்சு 14ஆம் நாள் தலைமன்னார்த் துறை வரையிலும் புகையிரதம் வந்து சேர்ந்தது. இருபத்தைந்து ஆண்டு ஒலிக்காத ஊதல் ஒலியைக் கேட்க மக்கள் நிலையத்திலே திரண்டனர். அக்கரையிலும் 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் புறப்பட்டு, பல பத்தாண்டுகளாக அடைபட்டிருந்த வடகடல் வழியைத் திறந்து வைத்தது. தலைமன்னாருக்கு எதிரேயுள்ள கடல் மட்டும் பழைய இடைவெளியாகவே கிடக்கிறது.

அங்கு மீண்டும் ஒரு கப்பல் ஓடுமாயின், அது நீராவிக் கப்பலாக இராது. மீட்டெடுக்கப் பழைய கப்பலும் இல்லை. ஆனால் அக்கப்பலில் சென்றோர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். அறுபது வயதைக் கடந்த முதியவர் ஒருவர், இராமேசுவரத்திலோ நீலகிரியிலோ ஹற்றனிலோ மன்னாரிலோ, தாம் குழந்தையாய்க் கப்பலேறிய நாளை நினைவிற் கொண்டிருத்தல் கூடும். ஒரு தகரப் பெட்டியின் அடியிலே பழைய பயணச்சீட்டோ கடவுச்சீட்டோ நிழற்படமோ கிடத்தல் கூடும். தங்கனீக்கா ஏரியில் கப்பலை மூழ்கடித்த பொறியாளர் இயந்திரத்துக்குக் கொழுப்பைப் பூசியது, என்றேனும் ஒருநாள் அது வேண்டப்படும் என்னும் எண்ணத்தினாலன்றோ? நம் வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதி வைத்தலும், அச்சிறு தாள்களைப் பூச்சியரிக்காமற் காத்தலும் அத்தகைய பணியே. அவற்றைத் தலைமன்னார்த் துறையருகே ஒரு சிறு மண்டபத்தில் வைத்தால், அவ்விடத்தில் இறங்கும் இளைஞன் உடைந்த துறையைக் கண்டு, இது யாது என வினவாமல், இவ்வழியே எம்மவர் வந்தனர், இவ்வழியே எம்மவர் சென்றனர் என்று அறிந்துகொள்வான்.