பாஸ் மார்க் இருபது!

20 சதவீதம் என்றால் நமக்கெல்லாம் ஆடித் தள்ளுபடிதான் ஞாபகம் வரும். சேலம் கடைவீதியில் அந்த போர்டைப் பார்த்துவிட்டால் என் நடையிலேயே ஒரு தனி வேகம் வந்துவிடும். ஆனால் பட்டாளத்தை விட்டு வீடு திரும்பியவருக்கு 20 சதவீதம் என்பது வேறு சமாசாரம். அவர் உடம்பில் எத்தனை பங்கு கெட்டுப் போயிருக்கிறது என்று மெடிக்கல் போர்டு டாக்டர்கள் போட்ட மார்க் அது. இந்தப் பரீட்சையில் பாஸ் மார்க் 20. ஊனம் 19 என்று எழுதிவிட்டால் ஃபெயில். ஒரு பைசா கிடையாது.

நான் பி.காம். எதையும் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். போட்டுவிடுவோம்.

ராணுவத்தில் டிஸெபிலிட்டி பென்ஷன் என்று ஒன்று உண்டு. சர்வீஸுக்கு ஒரு பங்கு, ஊனத்துக்கு ஒரு பங்கு. ஊனம் முழுசாக 100 சதவீதம் என்றால், கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதம் ஊனப் பங்கு. சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 சதவீதத்துக்கு 12,000. அப்படியானால் 30 சதவீத ஊனத்துக்கு 3,600தானே என்பீர்கள். இல்லை! இங்கே ஒரு நல்ல விஷயம் ஒளிந்திருக்கிறது. 20-லிருந்து 50-க்குக் கீழே இருந்தால் அதை 50 ஆகவே எடுத்துக்கொள்ள வேண்டும். 50-லிருந்து 75 வரை என்றால் 75. 75-ஐத் தாண்டினால் 100. ஆக, நம்ம ஆசாமிக்கு மாதம் 6,000.

ஊனத்தால் பாதியிலேயே அனுப்பப்பட்டவர்களுக்கு இந்தச் சலுகை 1996-லிருந்து இருந்தது. முழு சர்வீஸும் முடித்து ஊனத்தோடு ஓய்வு பெற்றவனுக்கு மட்டும் ஏன் கிடையாது என்று கேட்டு வழக்குகள் நடந்தன. ராம் அவ்தார் வழக்கில் 2014 டிசம்பர் 10-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது, "அவர்களுக்கும் உண்டு" என்று.

ஆச்சா? மார்க் 20 வாங்கியாகிவிட்டது. கதவு திறந்துவிடும் என்று நினைத்தால், உள்ளே இன்னொரு கதவு. வியாதியோ காயமோ ராணுவப் பணியால் வந்திருக்க வேண்டும். அல்லது பணியால் அதிகமாகியிருக்க வேண்டும். 'பணியால் வந்ததும் அல்ல, பணியால் அதிகமானதும் அல்ல' என்று மெடிக்கல் போர்டு ஒரு வரி எழுதிவிட்டால், மார்க் எத்தனை இருந்தாலும் ஊனப் பங்கு காலி. குண்டடி பட்டவருக்கு இந்தத் தகராறு அவ்வளவாக வராது. ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, காது மந்தம், இடுப்பு வலி, வலிப்பு... இவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள்.

ராசிபுரம் பக்கத்தில் ஒரு முன்னாள் ஹவில்தாரைப் பார்த்தேன். இப்போது ஒரு லாரி ஆபீஸில் டிரிப் கணக்கு எழுதுகிறார். ரத்தக்கொதிப்பு, மெடிக்கல் போர்டு போட்ட மார்க் 30. இரண்டாவது கதவில் மாட்டியவர். பச்சை டிரங்குப் பெட்டியைத் திறந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். ஆறு வருஷத்துக் கடிதம், மடிப்புக் கலையாமல் இருந்தது.

"சேரும்போது ஓட வெச்சு, நெஞ்சை அளந்து, பல்லைக் கூட எண்ணிப் பார்த்துத்தானுங்க தம்பி எடுத்தாங்க. அப்ப ஒரு குறையும் இல்லீங்க. திரும்பி வரும்போது உடம்புல இருந்த வியாதி மட்டும் என்னோடதுன்னு எழுதிட்டாங்க" என்றார்.

"அப்பீல் போடலீங்களாண்ணா?"

"நான் எங்கீங்க போய் நிரூபிக்கிறது?"

இந்த ஒரு கேள்விதான் ஆறு வருஷமாக அந்தப் பெட்டியைப் பூட்டி வைத்திருந்தது. ஆனால் விஷயம் என்ன தெரியுமா? அவர் நிரூபிக்க வேண்டியதே இல்லை!

1982-ம் வருஷத்து ராணுவ பென்ஷன் தகுதி விதிகளிலேயே இது இருக்கிறது. கேட்கிறவர் நிரூபிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. நியாயமான சந்தேகம் இருந்தால் அதன் பலன் அவருக்கே. விதி இருந்தது, சரி. அதைச் சத்தமாகச் சொல்ல ஒரு சிப்பாய் சுப்ரீம் கோர்ட் வரை போக வேண்டியிருந்தது.

அவர் பெயர் தரம்வீர் சிங். 1985-ல் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்தார். 1994-ல் வலிப்பு நோய் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். மார்க் சரியாக 20. ஆனால் 'பணிக்குச் சம்பந்தமில்லை' என்று ஒரு வரி. ஹிமாசலப் பிரதேச ஹைகோர்ட்டில் ஒரு நீதிபதி 'கொடு' என்றார். அதே கோர்ட்டின் பெஞ்ச் 'வேண்டாம்' என்றது. கடைசியில் 2013 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சேரும்போது வியாதி இருந்ததாகக் குறிப்பு இல்லையென்றால், ஆள் ஆரோக்கியமாகத்தான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும். இல்லை என்று சொல்கிறவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். மெடிக்கல் போர்டு காரணம் எழுத வேண்டும். வெறும் ஒரு வரி போதாது. 19 வருஷம் அலைந்து வாங்கிய தீர்ப்பு, ஸார்!

இதைப் படித்துவிட்டு எல்லோருக்கும் கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். லீவில் அக்கா தங்கை வீட்டுக்குப் போன ஒருவர், சிகரெட் பிடிக்க மாடி ஏறும்போது விழுந்து அடிபட்டார். பணிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டு, 2015-ல் சுப்ரீம் கோர்ட் மறுத்துவிட்டது. மனநோய் வந்த ஒரு வீரர் வழக்கிலும், சேரும்போது குறிப்பு இல்லை என்பது மட்டுமே போதாது என்று 2019-ல் சொன்னது. அதனால் எங்கே, எந்தப் பணியில், எப்போது வியாதி ஆரம்பித்தது என்ற தகவல்தான் உயிர். சியாச்சினிலும் காஷ்மீர் எல்லையிலும் இருந்த வருஷங்களைத் தேதியோடு எழுதுங்கள்.

சரி, வழி என்ன? முதலில் மெடிக்கல் போர்டு நடவடிக்கைகளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தரவில்லையென்றால் 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிறகு, மறுப்புக் கடிதம் வந்த ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல். ரெக்கார்ட் ஆபீஸ் மூலமாக அனுப்ப வேண்டும். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். அங்கேயும் 'நோ' என்றால் இன்னொரு ஆறு மாதத்துக்குள் இரண்டாவது அப்பீல். அதுவும் தோற்றால் ராணுவத் தீர்ப்பாயம். 2007-ம் வருஷச் சட்டப்படி வந்தது, 2009-லிருந்து இயங்குகிறது. சென்னையிலேயே ஒரு பெஞ்ச் இருக்கிறது. ஒரு நீதிபதியும் ஓய்வுபெற்ற ராணுவ உயர் அதிகாரி ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்பார்கள். வக்கீல் வைக்கலாம், வசதியில்லை என்றால் தானே பேசலாம். மனு எழுத யாரைப் பிடிப்பது என்று முழிப்பவர்களுக்கு, முன்னாள் படைவீரர் நல அலுவலகம் சேலம், நாமக்கல் இரண்டு ஊரிலும் இருக்கிறது. 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு வெளியே வருகிறவர்களுக்கு மட்டும் விதிகள் புதுசு. அவர்கள் அதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

காலம் தாண்டிவிட்டதே என்பவர்களுக்கும் ஒரு செய்தி. மாதா மாதம் வர வேண்டிய பென்ஷன் வராமலிருப்பது தொடர்கிற தவறு என்று தர்ஸேம் சிங் வழக்கில் 2008-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. 16 வருஷம் கழித்துக் கோர்ட்டுக்குப் போனவர் அவர். பென்ஷன் உண்டு; ஆனால் பழைய பாக்கி, வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருஷத்துக்கு மட்டும்தான்.

மறுபடியும் என் பி.காம். புத்தி. மாதம் 6,000 என்றால் வருஷத்துக்கு 72,000. நம்ம ஹவில்தார் இன்றைக்கு வழக்குப் போட்டு ஜெயித்தாலும், ஆறு வருஷத்தில் முதல் மூன்று வருஷம் போனது போனதுதான். 2,16,000 ரூபாய்! அகவிலைப்படியை நான் சேர்க்கவே இல்லை.

உங்கள் பேங்க் வாசலிலும், ஆபீஸ் கேட்டிலும், ஏ.டி.எம். ஸ்டூலிலும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாரே ஒருவர், அவரிடமும் இப்படி ஒரு இங்கிலீஷ் கடிதம் இருக்கலாம். டீ டயத்தில் கேட்டுப் பாருங்கள். இருந்தால் படித்து, தமிழில் சொல்லி, ஒரு அப்பீல் எழுதிக் கொடுங்கள். ஆபீஸில் தினம் எத்தனையோ லெட்டர் டிராஃப்ட் பண்ணுகிறீர்கள். இந்த ஒன்றுக்கு மட்டும் மாதா மாதம் பதில் வரும்.