வெளிநாட்டில் ஆபத்து என்றால் ஊரில் இருப்பவர்களுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? வளைகுடா தமிழர்களும் குடும்பமும் இப்போதே செய்ய வேண்டியவை

2024 ஜூன் 12ஆம் தேதி அதிகாலை. குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் தீப்பிடித்தது. பெரும்பாலானோர் தூக்கத்தில் இருந்த நேரம். இந்தியர்கள் மட்டும் 45 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். சில உடல்களை டி.என்.ஏ. பரிசோதனை செய்துதான் அடையாளம் காண வேண்டியிருந்தது. இரண்டு நாள் கழித்து இந்திய விமானப்படை விமானம் உடல்களைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது.

இப்படி ஒரு செய்தி டிவியில் ஓட ஆரம்பித்தால், குவைத்தில் ஆள் இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் போன் கையை விட்டு இறங்காது. அங்கே ரிங் போகும், யாரும் எடுக்க மாட்டார்கள். அடுத்து ஹெல்ப்லைனுக்கு அடிப்பார்கள். அங்கே கேட்கிற கேள்விகளில்தான் பல வீடுகள் தடுமாறும். எந்த கம்பெனி? எந்த ஏரியா? பாஸ்போர்ட் நம்பர் என்ன?

"குவைத்துல இருக்கான், டிரைவர் வேலை" என்பதோடு பல வீடுகளில் தகவல் முடிந்துவிடும். வெளிநாட்டுப் பாதுகாப்பு என்றாலே எமர்ஜென்சி பை, டார்ச் லைட் என்றுதான் பேசுகிறோம். அதைவிட முக்கியமான வேலை ஊரில், வீட்டு பீரோவில் இருக்கிறது.

பெயர் மட்டும் சொன்னால் ஏன் போதாது?

தமிழ்ப் பெயரில் ஒரு சிக்கல் உண்டு. நமக்கு இனிஷியல்தான் பழக்கம். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் விரிந்து அப்பா பெயராகிவிடும். ஊரில் எம். முருகன் என்று இருப்பவர், அங்கே முருகன் மாரிமுத்து ஆகியிருப்பார். சில பாஸ்போர்ட்டுகளில் மாரிமுத்து முருகன் என்று திருப்பிப் போட்டிருக்கும். அங்குள்ள மருத்துவமனைப் பதிவேட்டில் அரபியில் எழுதி, அதைத் திரும்ப ஆங்கிலத்தில் எழுதும்போது எழுத்துகளும் மாறும். வீட்டில் கூப்பிடும் பெயரை வைத்துத் தேடினால் ஆள் கிடைக்க மாட்டார். எண்ணை வைத்துத் தேடினால்தான் கிடைப்பார்.

அதனால் ஊரில் குறைந்தது இரண்டு பேரிடம் பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், விசா, அந்த நாட்டு அடையாள அட்டை ஆகியவற்றின் போட்டோ இருக்க வேண்டும். சவுதி என்றால் இக்காமா, குவைத் என்றால் சிவில் ஐடி, அமீரகம் என்றால் எமிரேட்ஸ் ஐடி. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மட்டும் போதாது. போன் தொலைந்தாலோ, ஸ்டோரேஜ் நிரம்பி யாராவது அழித்தாலோ போச்சு. ஒரு பிரிண்ட் எடுத்து வீட்டுப் பத்திரங்களோடு வைத்துவிடுங்கள். மனைவியிடம் மட்டும் கொடுக்காமல், பதற்றத்திலும் நிதானமாகப் பேசக்கூடிய ஒரு மச்சானிடமோ சித்தப்பாவிடமோ இன்னொரு நகல் இருக்கட்டும்.

"எங்க தங்கியிருக்கீங்க?"

இந்தக் கேள்விக்கு ஊர் பெயரைச் சொல்வது பதில் ஆகாது. சம்பளம் தரும் கம்பெனி ஒன்று, வேலை பார்க்கும் சைட் இன்னொன்று, தங்கும் கேம்ப் மூன்றாவது இடம் என்பதுதான் பலரின் நிலை. மேன்பவர் கம்பெனி மூலம் போனவர்களுக்கு மாதத்துக்கு ஒருமுறை சைட் மாறலாம். விசாவில் இருக்கும் கம்பெனி பெயர்தான் அரசாங்கப் பதிவில் இருக்கும். அந்தப் பெயர் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது.

வளைகுடா நாடுகளில் கட்டடத்தைக் கண்டுபிடிக்க நல்ல வசதி இருக்கிறது. அதை நம் ஆட்கள் அதிகம் பயன்படுத்துவதில்லை. துபாயில் கட்டட வாசலில் 10 இலக்க மகானி நம்பர் ஒட்டியிருக்கும். குவைத்தில் பாசி நம்பர். கத்தாரில் நீலப் பலகையில் ஸோன், தெரு, கட்டடம் என மூன்று எண்கள் இருக்கும். சவுதியில் 4 எழுத்தும் 4 எண்ணும் சேர்ந்த தேசிய முகவரி இருக்கிறது. ஆம்புலன்ஸைக் கூப்பிடும்போது "பெரிய மசூதிக்குப் பின்னாடி, மலையாளி ஹோட்டல் பக்கம்" என்று விளக்கிக்கொண்டு இருக்க நேரமிருக்காது. அந்தப் பலகையை ஒரு போட்டோ எடுங்கள், ஊருக்கும் ஒன்று அனுப்புங்கள். ரூம் மாறும்போதெல்லாம் புதிதாக அனுப்ப வேண்டும்.

கூடவே ரூம்மேட் ஒருவரின் நம்பரும், அதே ஊரில் வேறு ஏரியாவில் இருக்கும் தெரிந்தவர் ஒருவரின் நம்பரும் வீட்டில் இருக்கட்டும். ஒரே கட்டடத்தில் இருக்கும் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஆபத்து வரலாம். அதற்காகத்தான் அந்த இரண்டாவது நம்பர்.

997ஆ, 998ஆ?

வளைகுடாவில் நாடு மாறி வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அமீரகத்தில் ஆம்புலன்ஸ் 998, தீயணைப்பு 997. சவுதியில் அப்படியே தலைகீழ்: ஆம்புலன்ஸ் 997, தீயணைப்பு 998. துபாயில் ஐந்து வருடம் இருந்துவிட்டு தமாம் போனவருக்குப் பழைய நம்பர்தான் வாயில் வரும். சவுதியின் ரியாத், மக்கா, மதீனா, கிழக்கு மாகாணப் பகுதிகளில் எல்லாவற்றுக்கும் சேர்த்து 911 இருக்கிறது. குவைத்தில் 112, கத்தாரிலும் பஹ்ரைனிலும் 999, ஓமனில் 9999. சிங்கப்பூரில் போலீஸ் 999, ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 995. மலேசியாவில் 999.

தீ என்று வந்துவிட்டால் நெருப்பைவிட புகைதான் வேகமாக ஆளைக் கொல்லும். மங்காஃபிலும் பலர் புகையில் மூச்சுத்திணறித்தான் இறந்தார்கள். மாடிக்குப் போகும் கதவு பூட்டியிருந்தது என்ற தகவலும் அப்போது வெளியானது. புது ரூமுக்குப் போன முதல் நாளே படிக்கட்டு எந்தப் பக்கம், மாடிக் கதவு திறக்குமா, இருட்டில் கட்டிலில் இருந்து கதவுக்கு எத்தனை எட்டு என்று ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஆறு சார்ஜரும் ஒரு இண்டக்ஷன் அடுப்பும் ஓடும் ரூம்கள் உங்களுக்குத் தெரியாததல்ல.

பாஸ்போர்ட் யார் கையில்?

"கம்பெனியில வாங்கி வெச்சிட்டாங்க" என்று ரொம்ப சாதாரணமாகச் சொல்வார்கள். தொழிலாளியின் விருப்பம் இல்லாமல் முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடித்துவைப்பதை வளைகுடா நாடுகளின் சட்டங்களே அனுமதிப்பதில்லை. ஆனால் நடைமுறை வேறு என்பது எல்லோருக்கும் தெரியும். சண்டை மூண்ட ஊரில் அலுவலகம் பூட்டியிருக்கும், மேனேஜர் ஊரை விட்டே போயிருப்பார், பாஸ்போர்ட் லாக்கரில் இருக்கும்.

கேட்டுப் பார்த்தும் தரவில்லை என்றால் என்ன செய்வது? நகல் கையில் இருந்தால் வழி உண்டு. பாஸ்போர்ட் இல்லாதவர் ஊர் திரும்ப இந்தியத் தூதரகம் அவசரச் சான்றிதழ் தரும். அது ஒருவழிப் பயணத்துக்கு மட்டுமான ஆவணம். நீங்கள் இந்தியர்தான் என்பதை உறுதி செய்த பிறகே கொடுப்பார்கள். பழைய பாஸ்போர்ட்டின் நகல் இருந்தால் அந்த வேலை சுலபம். இல்லாவிட்டால் இழுக்கும்.

குவைத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயமும் இருக்கிறது. 2025 ஜூலை 1 முதல், தனியார் நிறுவனங்களில் வேலை செய்யும் வெளிநாட்டினர் நாட்டை விட்டு வெளியேற முதலாளியின் ஒப்புதலோடு எக்ஸிட் பெர்மிட் வாங்க வேண்டும். 'சாஹெல்' ஆப் மூலம் விண்ணப்பிக்கலாம். வீட்டில் ஏதாவது அவசரம் என்று தெரிந்த பிறகு ஆப் டவுன்லோடு செய்து, பாஸ்வேர்டு மறந்து, ஓடிபி வராமல் நிற்பதைவிட, இப்போதே லாகின் செய்து வைத்துக்கொள்வது நல்லது.

முதல் 10 நாள் யாரும் வர மாட்டார்கள்

போர் வந்தால் அரசாங்கம் விமானம் அனுப்பும் என்ற நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. அது பொய்யான நம்பிக்கையும் அல்ல. 2015ல் ஏமனிலிருந்து 'ஆபரேஷன் ராஹத்', 2022ல் உக்ரைனிலிருந்து 'ஆபரேஷன் கங்கா', 2023ல் சூடானிலிருந்து 'ஆபரேஷன் காவேரி', 2025ல் ஈரானிலிருந்து 'ஆபரேஷன் சிந்து' என ஆயிரக்கணக்கானோரை அழைத்து வந்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு எவ்வளவு நாள் ஆகும் என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை.

சூடானை எடுத்துக்கொள்வோம். 2023 ஏப்ரல் 15ஆம் தேதி தலைநகர் கார்ட்டூமில் ராணுவத்துக்கும் துணை ராணுவப் படைக்கும் சண்டை வெடித்தது. முதல் நாளே விமான நிலையம் முடங்கியது. முதல் தொகுதியாக 278 இந்தியர்களுடன் கடற்படையின் ஐ.என்.எஸ். சுமேதா கப்பல் போர்ட் சூடானில் இருந்து கிளம்பியது ஏப்ரல் 25ஆம் தேதி. இடையில் 10 நாள். கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை, வெளியே குண்டுச் சத்தம். கப்பல் இருந்த துறைமுகமோ கார்ட்டூமில் இருந்து சுமார் 850 கிலோமீட்டர். பஸ்ஸில்தான் போக வேண்டும்.

"ஏதாவது ஒண்ணுன்னா எம்பசிக்கு ஓடிடலாம்" என்பதும் எப்போதும் நடக்காது. கார்ட்டூமில் இந்தியத் தூதரகம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த ஏரியாவிலேயே சண்டை என்பதால் அதிகாரிகளே அங்கே போக முடியாமல் வேறு இடங்களில் இருந்து வேலை பார்த்தார்கள்.

அந்த 10 நாளுக்குத்தான் தயாராக வேண்டும். குடிதண்ணீர், அடுப்பு இல்லாமல் சாப்பிடக்கூடிய பொருள், பவர் பேங்க், தினமும் போடும் மாத்திரை. சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எப்போதும் இரண்டு வாரத்துக்கு முன்கூட்டியே வாங்கி வைத்திருக்க வேண்டும். சம்பளம் வந்த அன்றே முழுவதையும் ஊருக்கு அனுப்பிவிடும் பழக்கம் நம்மவர்களுக்கு அதிகம். பேங்க், ஏடிஎம், கார்டு எதுவும் வேலை செய்யாத நாளில் கையில் இருக்கும் உள்ளூர் பணம்தான் பஸ் டிக்கெட். ஒரு வாரச் செலவுக்கான தொகையை எடுத்து, அதைத் தொடாமல் வையுங்கள்.

நெட்வொர்க் திணறும்போது கால் போகாது, ஆனால் எஸ்.எம்.எஸ். போய்ச் சேர வாய்ப்பு அதிகம். "நான் பத்திரம், ரூமில் இருக்கிறேன்" என்ற ஒரு வரி போதும். ஊரில் இருப்பவர்களும் விடாமல் கால் போட்டு அங்கே பேட்டரியைத் தீர்க்காமல் இருக்க வேண்டும். யார் ஒருவர் பேசி மற்றவர்களுக்குச் சொல்வது என்று முன்பே முடிவு செய்துவிட்டால் இந்தப் பிரச்சினை வராது.

தூதரகம் எச்சரிக்கை விட்டால் அதை லேசாக எடுக்காதீர்கள். உக்ரைனில் போர் தொடங்கியது 2022 பிப்ரவரி 24. அங்கே தங்கியே ஆக வேண்டும் என்ற அவசியம் இல்லாதவர்கள், குறிப்பாக மாணவர்கள், தற்காலிகமாகக் கிளம்புவதைப் பரிசீலிக்கலாம் என்று இந்தியத் தூதரகம் பிப்ரவரி 15ஆம் தேதியே சொல்லியிருந்தது. டிக்கெட் விலையையும் கல்லூரி அட்டெண்டன்ஸையும் பார்த்து ஆயிரக்கணக்கான மாணவர்கள் தங்கிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கல்லூரி அனுமதி தராமல் எப்படிக் கிளம்புவார்கள்? ஆனாலும் 'பரிசீலிக்கலாம்' என்று அரசாங்க மொழியில் மென்மையாக வரும் வார்த்தையைக் கொஞ்சம் அழுத்திப் படிப்பது நல்லது.

10 லட்சம் ரூபாய் காப்பீடு இருப்பது தெரியுமா?

பத்தாம் வகுப்பு தேர்ச்சி பெறாதவர்கள் பலரின் பாஸ்போர்ட் இ.சி.ஆர். வகையில் இருக்கும். மகாபலிபுரம் போகிற ரோடு இல்லை இது. வேலைக்குப் போகும் முன் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டிய பாஸ்போர்ட் என்று அர்த்தம். வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு இது பொருந்தும். இவர்களுக்கு 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' காப்பீடு கட்டாயம். விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ ஏற்பட்டால் 10 லட்சம் ரூபாய். பிரீமியம் இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய், வரி தனி.

கட்டாயம் என்பதால் ஏஜென்டே போட்டுவிடுவார். பாலிசி தாளைக் கண்ணால் பார்க்காதவர்கள் பலர். நாமினி யார் என்று பாருங்கள். கல்யாணத்துக்கு முன் போட்ட பாலிசியில் பெயர் மாறியிருக்காது. இரண்டு மூன்று வருடத்தில் காலாவதி ஆகிவிடும், ஆள் அங்கேயே பத்து வருடம் இருப்பார். ஆன்லைனில் புதுப்பிக்க முடியும்.

விசிட் விசாவில் போய் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. அரசாங்கத்தின் எந்தப் பட்டியலிலும் அவர்கள் வேலைக்குப் போனவர்களாக இருக்க மாட்டார்கள். தாய்லாந்தில் வேலை என்று நம்பிப் போய், மியான்மர் எல்லையில் சைபர் மோசடிக் கூடங்களில் சிக்கியவர்கள் இந்த வகைதான். 2025 மார்ச்சில் அப்படி மீட்கப்பட்ட 549 இந்தியர்களை விமானப்படை விமானங்களில் அழைத்து வந்தார்கள்.

யாருக்கு போன் போடுவது?

தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத் துறைக்கு 24 மணி நேர உதவி எண்கள் இருக்கின்றன. ஊரில் இருந்து அழைக்க 1800 309 3793. வெளிநாட்டில் இருந்து என்றால் +91 80690 09901. மிஸ்டு கால் கொடுக்க +91 80690 09900. மத்திய அரசின் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா எண் 1800 11 3090. அமீரகத்தில் இருப்பவர்கள் 800 46342 என்ற இலவச எண்ணில் அழைக்கலாம். சம்பளப் பாக்கி, பாஸ்போர்ட் பிடித்துவைப்பு, உடலைக் கொண்டுவருவது போன்ற புகார்களுக்கு வெளியுறவுத் துறையின் 'மதத்' இணையதளம் உள்ளது. ஊரில் இருக்கும் குடும்பத்தினரும் அதில் பதிவு செய்யலாம். டிக்கெட்டுக்கும் சட்ட உதவிக்கும் பணமே இல்லாதவர்களுக்குத் தூதரகத்தில் இந்திய சமூக நல நிதி இருக்கிறது. தகுதி பார்த்துத்தான் தருவார்கள், ஆனால் கேட்டால்தான் பார்ப்பார்கள்.

பதற்றமான நேரத்தில் "இந்த நம்பருக்குப் பணம் அனுப்பினால் மீட்பு விமானத்தில் சீட்" என்று பார்வேர்டு வந்தால் நம்ப வேண்டாம். மீட்புக்கான பதிவு, படிவம் எல்லாம் தூதரகத்தின் இணையதளத்திலும் அதிகாரப்பூர்வ எக்ஸ் பக்கத்திலும் வரும். எண்களைச் சேமிக்கும்போது +91 போட்டே சேமியுங்கள். அது இல்லாமல் வெளிநாட்டில் இருந்து அடித்தால் கால் இங்கே வராது.