கோடைப் பயணமும் வணிகர் உடல்நலமும்

ஆண்டு முழுவதும் கடையைத் திறந்து வைத்திருக்கும் நமக்கு, குடும்பத்தோடு வெளியூர் போகக் கிடைப்பது இரண்டு மூன்று நாட்கள்தான். அதுவும் பெரும்பாலும் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விடும் மே மாதத்தில், கத்திரி வெயிலில் அமைகிறது. மே 5 வணிகர் தினம் முடிந்ததும் மூட்டை கட்டுகிறவர்கள் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி கடைவீதிகளில் நிறையப் பேர் உண்டு.

போவதில் தவறில்லை. திரும்பி வந்த பிறகுதான் தொல்லை தொடங்குகிறது. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு, அம்மாவுக்குக் கால் வீக்கம், கடைக்காரருக்குச் சர்க்கரை ஏற்றம் என்று மேலும் நான்கு நாள் கடை அடைத்துக் கிடக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் தொழிலாளர் பலருக்கு ஈ.எஸ்.ஐ. அட்டை உண்டு, மருத்துவ விடுப்பும் உண்டு. கடை முதலாளிக்கு இரண்டும் கிடையாது. அவர் படுத்தால் ஷட்டர் இறங்கிவிடும். வாடிக்கையாளர் அடுத்த தெருக் கடைக்குப் பழகிவிடுவார். ஆகவே பயணத்தில் உணவையும் உடம்பையும் கவனிப்பது நமக்குத் தொழில் சம்பந்தப்பட்ட விஷயமாகும்.

கல்லாவில் உட்கார்ந்த உடம்பு

விடியற்காலையில் பால் இறக்குவது முதல் இரவு கணக்கு முடிப்பது வரை கடைக்குள்ளேயே இருக்கிறோம். மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு, இரவுச் சாப்பாடு பதினோரு மணிக்கு. இடையில் நாலைந்து டீ. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், பெரியவர்களில் நூற்றுக்கு 35 பேருக்கு ரத்தக் கொதிப்பு இருப்பதாகவும் கணக்கிட்டது. இப்படிப்பட்ட உடம்பைத் திடீரென்று வெயிலில் இறக்கி, கண்ட நேரத்தில் சாப்பிட வைத்து, மலையும் ஏறச் சொன்னால் அது எப்படித் தாங்கும்?

நம் பக்கத்துக் குடும்பங்கள் வழக்கமாகப் போகும் திருப்பதிப் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். மற்ற ஊர்களுக்கும் இதே யோசனைகள் பொருந்தும்.

கட்டுச்சோற்றுக்குச் சரக்கு நம் கடையிலேயே

ஆவடியிலிருந்து திருவள்ளூர், திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகப் போகும் சாலையில் வழியெல்லாம் ஓட்டல்கள் இருக்கின்றன. என்றாலும் முதல் இரண்டு வேளைக்கு வீட்டுச் சாப்பாடே நல்லது. நல்லெண்ணெயும் மிளகாய்ப் பொடியும் தடவிய இட்லி காலைக்கு. புளியோதரை மதியத்துக்கு. தயிர் சாதம் எடுத்துப்போனால் பால் அதிகமாகவும் தயிர் குறைவாகவும் கலந்து, மதியத்துக்குள் முடித்துவிட வேண்டும். தேங்காய்ச் சட்னியும் உருளைக்கிழங்கு மசாலும் மே மாத வெயிலில் சீக்கிரம் கெடும். அவற்றை வீட்டிலேயே விட்டுவிடலாம். எந்தச் சோறானாலும் நன்றாக ஆறவிட்டு மூடுவது முக்கியம்.

கடையில் தொங்கும் சரத்திலிருந்து நான்கு சிப்ஸ் பாக்கெட்டைக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொள்வது நமக்குச் சுலபம். ஆனால் அதே கடையில் பொட்டுக்கடலை, வறுத்த வேர்க்கடலை, அவல், பொரி, பேரீச்சம்பழம் எல்லாம் இருக்கின்றன. பசியும் அடங்கும், தாகமும் கூடாது. கூட நாலு வாழைப்பழம், எலுமிச்சம்பழம், ஒரு சின்ன டப்பாவில் ஓமமும் சுக்கும்.

வெளியில் சாப்பிடுவதானால், கண்முன்னே சூடாக இறக்குகிற பண்டமாகப் பார்த்து வாங்குங்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயின் நிறமும் வாடையும் எண்ணெய் விற்கிற நமக்குத் தெரியாதா? அப்படிக் கெட்டுப்போன எண்ணெய்க்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-லேயே வரம்பு விதித்திருக்கிறது. பில்லில் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்றும் ஒரு கண் பாருங்கள். நம்மிடம் அதிகாரிகள் கேட்பதை நாமும் கேட்கலாம்.

தண்ணீர் வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் வரட்டும். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் உப்புச் சர்க்கரைக் கரைசல் உடனே தேவை. மருந்துக் கடைப் பாக்கெட் கையில் இல்லாவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து கலக்கலாம். ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டு இனிப்புப் பானங்களை விற்பதற்கு 2025 அக்டோபரில் தடை வந்துவிட்டது. பயணத்துக்கு மட்டுமல்ல, கடை அலமாரிக்கும் இது பொருந்தும்.

படி ஏறுவோர் கவனத்திற்கு

அலிபிரி நடைபாதையில் சுமார் 3,550 படிகள். தூரம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர். ஸ்ரீவாரி மெட்டுப் பாதை சுமார் 2 கிலோமீட்டர்தான், படிகள் 2,400-க்குச் சற்றுக் குறைவு. குறைந்த தூரம் என்று நினைத்து இதில் வேகமாக ஏறுகிறவர்களுக்குத்தான் மூச்சு வாங்கும். அலிபிரியில் காலிகோபுரம் வரையிலான ஏற்றம் கடினம். பிறகு சமமான பாதை. கடைசியில் மறுபடியும் செங்குத்து. முதல் ஏற்றத்திலேயே முழுப் பலத்தையும் செலவழித்துவிடக் கூடாது.

வேண்டுதல் இருந்தாலும் எல்லோரும் ஏறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. வயதானவர்களும், இதய நோய், ஆஸ்துமா போன்ற தொந்தரவு உள்ளவர்களும் நடந்து ஏறுவதைத் தவிர்க்கும்படி தேவஸ்தானமே அறிவுறுத்தியிருக்கிறது. அவர்கள் பஸ்ஸில் மேலே போகலாம். 2023 ஆகஸ்டில் இப்பாதையில் சிறுத்தை தாக்கி ஒரு சிறுமி உயிரிழந்த பிறகு, சிறுவர்களை அழைத்துச் செல்லும் நேரத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. புறப்படுமுன் நிலவரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஏறுகிறவர்கள் ஒரு மாதம் முன்பே தயாராக வேண்டும். கடை திறக்குமுன் தினம் அரை மணி நேரம் நடங்கள். ஆவடிக்காரர்களுக்குப் பருத்திப்பட்டு ஏரிப் பூங்காவில் நடைபாதை இருக்கிறது. மற்றவர்களுக்கு வீட்டு மாடிப்படியே போதும். மலையேறும் நாளில் விடியற்காலையில் தொடங்கி, வெயில் ஏறுமுன் பெரும்பகுதியை முடித்துவிடுங்கள். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகமே சரியான வேகம். நெஞ்சு இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் அங்கேயே உட்கார்ந்து உதவி கேளுங்கள்.

சர்க்கரை நோயாளிகள் வெறும் வயிற்றில் ஏறக் கூடாது. மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு சாப்பிடாமல் ஏறினால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். அளவை மாற்ற வேண்டுமா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸோ சர்க்கரையோ இருக்கட்டும். வெறுங்காலோடு ஏறுவதால் பாதம் மரத்துப்போனவர்களுக்குச் சூடோ காயமோ தெரியாது. இரவில் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பது கட்டாயம்.

மேலே போன பின்

1985-ல் தொடங்கிய அன்னதானத் திட்டத்தில் சோறு, சாம்பார், ரசம், மோர் என்று சூடாகப் பரிமாறுகிறார்கள். நடந்து களைத்த வயிற்றுக்கு இதைவிடப் பொருத்தமான சாப்பாடு இல்லை. தரிசனக் காத்திருப்பு பல மணி நேரம் நீளலாம். அதனால் மாத்திரையும் கொஞ்சம் பேரீச்சம்பழமும் கூடவே இருக்க வேண்டும். 175 கிராம் லட்டு ஒருவர் ஒரே மூச்சில் தின்பதற்கானதல்ல. பிரசாதம் விண்டு பகிர்ந்துகொள்ளத்தான்.

கடைத்தெருவுக்கு ஒரு யோசனை

பயணம் முடிந்த அன்றே கடையைத் திறந்துவிடத் துடிக்கிறோம். ஒரு நாள் ஓய்வையும் சேர்த்தே விடுமுறையைக் கணக்கிடுங்கள். அதற்கு ஒரு வழி, ஒரே தெருவில் உள்ள நான்கு மளிகைக் கடைக்காரர்கள் கலந்து பேசி, வெவ்வேறு வாரங்களில் ஊருக்குப் போவது. அடைத்த கடையில் ‘இன்ன தேதி திறக்கப்படும்’ என்று பலகை வைத்துவிட்டால் வாடிக்கையாளருக்கும் சிரமமில்லை, சக வணிகரோடும் மனக்கசப்பில்லை.

பயணத்துக்காகத் தொடங்கிய அரை மணி நடையைத் திரும்பி வந்த பிறகும் விடாதீர்கள். பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உடற்பயிற்சியாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் நடந்தால் கணக்கு சரியாகிவிடும். சரக்கு இருப்பை வாரந்தோறும் சரிபார்க்கும் நாம் இந்த இருப்பையும் சரிபார்த்து வந்தால், அடுத்த கோடையிலும் குடும்பத்தோடு தெம்பாகப் புறப்படலாம்.