எளிய மடிக்கணினி எது?

தச்சனுக்கு உளியும் உழவனுக்குக் கலப்பையும் எங்ஙனமோ, அங்ஙனமே இக்காலத்து மாணாக்கனுக்கு மடிக்கணினி இன்றியமையாத கருவியாய் அமைந்துவிட்டது. பாடக் குறிப்பெழுதுதல், ஆய்வேடு இயற்றுதல், கணக்கிடுதல், தொலைவிலுள்ள நூலகங்களின் ஏடுகளைத் தேடிப் படித்தல், வேலைக்கு விண்ணப்பித்தல் ஆகிய யாவும் இன்று அதனைக் கொண்டே நடைபெறுகின்றன. நம் கொங்கு நாட்டுக் கலாசாலைகளிற் சேரும் மாணாக்கருட் பலர் தத்தம் குடும்பத்தில் முதன்முதல் கல்லூரிப் படி மிதித்தோராவர். அவர்தம் பெற்றோர் மஞ்சள் விற்ற பணத்தையோ, தறி ஓட்டிய கூலியையோ, கூட்டுறவுச் சங்கத்திற் பெற்ற கடனையோ கொண்டே இக்கருவியை வாங்கித் தருகின்றனர். வாங்கிய கருவி இரண்டாம் ஆண்டிலேயே பழுதுற்று மூலையிற் கிடக்குமாயின், மற்றொன்று வாங்க அக்குடும்பத்தாற் கூடாது. ஆதலின் மடிக்கணினியைத் தேர்ந்தெடுத்தல் சிறு விஷயமன்று.

கடைக்குட் புகும் மாணாக்கனை முதலிற் கவர்வது கருவியின் தோற்றமே. ஏடு போல் மெல்லியதாய், ஓரங்கள் வழவழப்பாய், திருகாணி ஒன்றும் கண்ணுக்குப் புலப்படாததாய், ஒரே உலோகத்திற் கடைந்தெடுத்தாற்போல் விளங்கும் மடிக்கணினியைக் காண்போர், எளிமை என்பது இதுவேயென்று துணிவர். எளிமையை நாடுதல் நன்றே. ஆயினும் எளிமை இருவகைப்படும். கண்ணுக்குத் தோன்றும் எளிமை ஒன்று. கைக்கும் வாழ்க்கைக்கும் உதவும் எளிமை மற்றொன்று. இவ்விரண்டும் ஒரு கருவியில் ஒருங்கே அமைதலும் உண்டு. முன்னது பின்னதை விழுங்கிவிடுதலும் உண்டு. இவ்வேறுபாட்டை அறிந்து வாங்குவது எங்ஙனம் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

மடிக்கணினியின் வரலாறு பெரும்பாலும் வேண்டாதவற்றை நீக்கிய வரலாறேயாகும். 1981-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் விற்பனைக்கு வந்த ஆஸ்பர்ன் 1 என்னும் கணினி, கையில் தூக்கிச் செல்லத்தக்கது என்று புகழப்பட்டதாயினும், ஏறத்தாழ 11 கிலோ எடையுள்ளதாய், தையல் இயந்திரப் பெட்டியை ஒத்திருந்தது. அதன் திரையோ ஐந்தே அங்குலம். அடுத்த ஆண்டில் வெளிவந்த கிரிட் காம்பஸ் என்னும் கருவிக்கு வடிவம் வகுத்தவர் பில் மாக்ரிட்ஜ் என்னும் ஆங்கிலேயர். திரையை விசைப்பலகையின்மேற் கவிழ்த்து மூடும் அமைப்பை அவர் அதிற் கையாண்டார். இன்று நம் மாணாக்கர் கையிலுள்ள மடிக்கணினிகள் அவ்வமைப்பின் வழிவந்தவையே. 1992-இல் ஐ.பி.எம். கம்பெனியார் வெளியிட்ட திங்க்பேட் 700சி என்பதற்கு வடிவம் வகுத்த ரிச்சர்டு சாப்பர் என்பார், ஜப்பானியர் உணவு வைக்கும் கரிய மூடுபெட்டியை மாதிரியாகக் கொண்டார். மூடியவிடத்து அலங்காரம் ஒன்றுமின்றித் தோன்றும் அப்பெட்டி, திறந்தவிடத்துப் பண்டங்களை அதனதன் இடத்தில் வைத்துக் காட்டும். இவ்விரு கருவிகளிலும் தோற்றமும் பயனும் ஒன்றோடொன்று பொருந்தி நின்றமை காண்க.

2008-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், ஆப்பிள் கம்பெனியின் தலைவரான ஸ்டீவ் ஜாப்ஸ், சபையோர் முன்னிலையில் ஒரு காகித உறையினின்றும் மடிக்கணினி ஒன்றை உருவியெடுத்துக் காட்டினார். மேக்புக் ஏர் என்னும் அக்கருவியின் எடை 1.36 கிலோ. குறுவட்டு இயக்கும் பகுதி அதில் இல்லை; யு.எஸ்.பி. துளையும் ஒன்றே. பலர் இதனைக் குறை கூறினர். ஆயினும் குறுவட்டின் காலம் அப்பொழுதே கழிந்துகொண்டிருந்தமையால், அதனை நீக்கியது தவறன்று என்று பின்னர் விளங்கிற்று.

2015-இல் அக்கம்பெனியார் மேலும் ஒரு படி சென்றனர். 920 கிராம் எடையும் 13.1 மில்லிமீட்டர் தடிமனுமே உள்ள மேக்புக் ஒன்றை வெளியிட்டனர். காதொலிக் கருவிக்குரிய துளை நீங்கலாக, அதில் இருந்தது ஒரே ஒரு யு.எஸ்.பி.-சி துளை. மின்னேற்றவும், பென்டிரைவ் செருகவும், வெளித்திரையொடு இணைக்கவும் அது ஒன்றே கதி. தடிமனைக் குறைக்கும்பொருட்டு விசைப்பலகையின் உள்ளமைப்பும் மாற்றப்பட்டது. இம்மெல்லிய விசைப்பலகை ஏனைய மாதிரிகளுக்கும் பரவிற்று. நாளடைவில், சிறு தூசி புகினும் விசைகள் ஒட்டிக்கொள்ளுதல், ஓரெழுத்து இருமுறை விழுதல் முதலிய குறைகளைப் பலர் முறையிட்டனர். 2018 ஜூன் மாதத்தில் கம்பெனியாரே அவ்விசைப்பலகைகளை இலவசமாய்ப் பழுதுபார்க்கும் திட்டமொன்றை அறிவித்தனர். 2019 நவம்பரில் பழைய அமைப்பிற்குத் திரும்பத் தொடங்கினர். 2021 அக்டோபரில் வெளியான மேக்புக் புரோவில், முன்னர் நீக்கிய எச்.டி.எம்.ஐ. துளையையும் நினைவட்டைத் துளையையும் மீண்டும் வைத்தனர்.

இவ்வரலாற்றினின்றும் நாம் அறியத்தக்கது யாது? கருவியினின்றும் நீக்கப்பட்ட உறுப்பு, அதன் வேலை ஒழிந்தாலன்றி, உண்மையில் நீங்குவதில்லை. வேறோர் உருவெடுத்து நம் பைக்குட் புகுந்துவிடுகிறது. துளைகளைக் குறைத்து அழகுபெற்ற கணினிக்கு இணைப்பான்கள் இரண்டு மூன்று தனியே வாங்க நேரும். கருத்தரங்கு நாளன்று அவ்விணைப்பானை விடுதியில் மறந்து வந்த மாணாக்கன், மண்டபத்துப் புரொஜெக்டர் முன் கைபிசைந்து நிற்பான். இதற்கு மாறாக, வேலையே ஒழிந்தபின் உறுப்பை நீக்குதல் நன்மை பயக்கும். 2015-ஆம் ஆண்டு மேக்புக்கில் விசிறி இல்லை. அதன் வேகமும் குறைவு. 2020 நவம்பரில் வந்த எம்1 மேக்புக் ஏரிலும் விசிறி இல்லை. ஆயின் வேகம் மிகுதி. முன்னதில் விசிறியை நீக்கும்பொருட்டு வேகம் விடப்பட்டது. பின்னதில் செயலியின் வெப்பமே குறைந்தமையால் விசிறி வேண்டாததாயிற்று.

இனி நம் நாட்டுப் பக்கம் திரும்புவோம். கோயம்புத்தூர் மோட்டார் பம்புகளுக்குப் பேர்போனது. உழவன் ஒருவன் பம்பு வாங்குங்கால் அதன் வண்ணத்தை நோக்குவதில்லை. மோட்டார் எரிந்துபோயின், அருகிலுள்ள ஊரிலே காயில் கட்டுவார் உளரா, பேரிங் கிடைக்குமா என்பதையே வினவுகிறான். காயில் கட்டிய மோட்டார் சின்னாட்களில் மீண்டும் கிணற்றில் இறங்குகிறது, பயிர் காக்கப்படுகிறது. புவிசார் குறியீடு பெற்ற கோயம்புத்தூர் மாவாட்டும் இயந்திரமும் அத்தகையதே. கல் மழுங்கினாற் கொத்திக்கொள்ளலாம். பெல்ட் அறுந்தால் மாற்றிக்கொள்ளலாம். உள்ளே யாது நிகழ்கின்றது என்பதை வீட்டார் அறிவர். இதனையே யாம் வாழ்க்கைக்குதவும் எளிமை என்கிறோம்.

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-இற் பிறந்த ஜி. டி. நாயுடு அவர்களின் வரலாற்றை நம்மவர் அறிவர். ஆங்கில அதிகாரி ஒருவருடைய மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்த அவர், பின்னர் அதனை விலைக்கு வாங்கி, உறுப்புறுப்பாய்க் கழற்றி, மீண்டும் பூட்டிப் பார்த்தே இயந்திர நுட்பம் கற்றார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பஸ்ஸை ஓட்டித் தொழில் தொடங்கியவரும் அவரே. கழற்றவொண்ணாத கருவியொன்று அவர் கையிற் கிடைத்திருப்பின், அக்கல்வி எங்ஙனம் வாய்த்திருக்கும்?

மெல்லிய கருவி யாவும் திறக்கவொண்ணாதது என்று கருதற்க. 2021-இல் அமெரிக்காவில் வெளிவந்த பிரேம்ஒர்க் என்னும் மடிக்கணினி, 16 மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனும் 1.3 கிலோ எடையுமே உடையதாயினும், நினைவகம், பேட்டரி, திரை, விசைப்பலகை, துளைகள் ஆகிய அனைத்தையும் உடையவனே மாற்றிக்கொள்ளுமாறு அமைந்தது. பிரெஞ்சு தேசத்திலே 2021 ஜனவரி முதல், மடிக்கணினி முதலியவற்றை எவ்வளவு எளிதிற் பழுதுபார்க்கலாம் என்பதைப் பத்துக்கு இத்தனை மதிப்பெண் என்று விற்போர் காட்டவேண்டும் என்னும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டு நுகர்வோர் விவகாரத் துறையும் 2022-இல் பழுதுபார்க்கும் உரிமையை ஆராயக் குழுவொன்றை அமைத்தது.

இக்கருத்துக்களை உளங்கொண்டு, மடிக்கணினி வாங்குவோர் நோக்கவேண்டியவற்றை முறையே கூறுவோம்.

முதலாவது, தன் வேலையை அறிதல். கட்டுரை எழுதவும் கணக்கிடவும் பாடங்களைக் காணவும் விழைவார்க்கு நடுத்தரமான செயலியே போதும். பெரிய படங்களையும் சலனக் காட்சிகளையும் தொகுப்போர்க்கும், பொறியியல் வரைபடம் இடுவோர்க்கும் வேறு வலிமை வேண்டும். விரலுக்குத் தக்க வீக்கம் என்னும் பழமொழி ஈண்டும் பொருந்தும்.

இரண்டாவது, புறவமைப்பு. நாள்தோறும் பல்லடத்தினின்றோ கோபியினின்றோ பஸ் ஏறி வருவோர் 14 அங்குலத் திரையும் ஒன்றரைக் கிலோவுக்கு மிகாத எடையும் உள்ளதை நாடுதல் தகும். சார்ஜரையும் சேர்த்தே எடையை மதிப்பிடுக. திரை கண்ணாடிபோற் பளபளப்பதினும் மங்கலாயிருத்தல் நன்று. சன்னல் வெளிச்சம் அதிற் பட்டுக் கண்ணை உறுத்தாது. விசைப்பலகையிற் கடையிலேயே ஒரு பக்கம் எழுதிப் பார்க்க நாணற்க. பென்டிரைவ் செருகும் சாதாரணத் துளையொன்றும், எச்.டி.எம்.ஐ. துளையொன்றும் உளவாயின் இணைப்பான் சுமை நீங்கும். யு.எஸ்.பி.-சி துளைகள் உருவத்தில் ஒன்றாயினும் தொழிலில் வேறுபடும். சில மின்னேற்றும், சில படமும் காட்டும், சில இரண்டும் செய்யா. ஆகவே கேட்டறிந்து வாங்குக. அத்துளைவழி மின்னேறுமாயின், சார்ஜர் காணாமற்போன நாளில் நண்பனுடையதைக் கொண்டு காலங்கழிக்கலாம்.

மூன்றாவது, அகவமைப்பு. இதனையே பலர் மறக்கின்றனர். நினைவகமாகிய ராம் பலகையோடு பற்றவைக்கப்பட்டதா, கழற்றி மாற்றத்தக்கதா என்று கேட்க. எல்.பி.டி.டி.ஆர். என்று குறிக்கப்பட்டவை பெரும்பாலும் பற்றவைக்கப்பட்டவை. அத்தகையதை வாங்குவோர், பின்னர்க் கூட்டிக்கொள்ள இயலாதாதலின், முதலிலேயே 16 ஜி.பி. உள்ளதை வாங்குதல் நலம். மாற்றத்தக்கதாயின் இன்று எட்டு வாங்கிப் பிறகு கூட்டலாம். சேமிப்பிற்குரிய எஸ்.எஸ்.டி. எம்.2 என்னும் வகையினதாயின் பெரும்பாலும் மாற்றத்தக்கது. பேட்டரி எக்கருவியிலும் தேய்ந்தே தீரும். அதனைத் திருகாணியாற் பூட்டியுள்ளனரா, பசையால் ஒட்டியுள்ளனரா என்பதை விசாரிக்க. லெனோவோ, டெல், எச்.பி. முதலிய கம்பெனியார் தம் கருவிகளைத் திறக்கும் முறையை விளக்கும் கையேடுகளை இணையத்தில் வெளியிட்டுள்ளனர். வாங்குமுன் குறித்த மாதிரியின் கையேட்டைப் புரட்டிப் பார்ப்பின், கடைக்காரர் சொல்லாததும் விளங்கும். சோமனூர் போன்ற தறியூர்களில் வாழ்வோர் இதிற் சிறப்பாகக் கருத்தூன்றுக. பஞ்சுத்தூசி விசிறித் துளையை அடைத்தலால், அடித்தகட்டைக் கழற்றித் துடைக்கத்தக்க கருவியே அவர்க்கு நெடுநாள் உழைக்கும்.

நான்காவது, மென்பொருள். புறத்தே எளிதாய்த் தோன்றும் கருவியின் அகத்தே, வேண்டாத செயலிகள் பல முன்னரே குடிபுகுந்திருத்தல் உண்டு. வாங்கிய அன்றே அவற்றை நீக்குக. விண்டோஸ் 10-க்குரிய பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தமையால், பழைய கணினி வாங்குவோர் அது விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று தெளிக. ஏலாதாயினும் லினக்ஸ் நிறுவிப் பயன்கொள்ளலாம். இது நம் மாணாக்கர்க்குப் புதிதன்று. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பெற்ற தமிழ்நாட்டரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அளித்த கருவிகளில், விண்டோசோடு பாஸ் என்னும் இந்திய லினக்சும் இடம்பெற்றது. அக்கருவிகள் மெலிவினாலோ மினுக்கினாலோ பேர்பெற்றவையல்ல. ஆயினும் கணினியைக் கண்ணாலும் கண்டிராத எத்தனையோ இல்லங்களில் முதல் விளக்கை ஏற்றியவை அவையே.

மூடிய கருவியே வேண்டா என்பது எம் கருத்தன்று. பேட்டரி நெடுநேரம் நிற்றலும் எடை குறைதலும் பெருநன்மைகளே. பழுதுபார்க்கும் செலவைத் தாங்க வல்லார் அவற்றை வாங்குவதிற் குற்றமில்லை. அச்செலவைத் தாங்கவியலாதார் தம் அண்டை வீட்டாரைப் பார்த்து அவற்றை வாங்குதலே தவறு.

மாணாக்கர்காள்! கடையிற் கருவியைக் கையிலெடுத்தவுடன் அதனைத் தலைகீழாய்த் திருப்பி, அடிப்புறத்துத் திருகாணிகளை எண்ணிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் அச்சிறு திருகாணிகள் அழகுக்குக் குறையென்று எண்ணற்க. நும் பெற்றோரின் உழைப்பு மூன்றாம் ஆண்டிலும் வீண்போகாதபடி காக்கும் வாயில்கள் அவை. முன்புறத்தின் எளிமையோடு அடிப்புறத்தின் எளிமையும் உடையதே உண்மையில் எளிய மடிக்கணினியாம்.