தண்ணீர் வேண்டாம் என்ற விவசாயிகள்

அணையைத் திறக்காதீர்கள், அந்தத் தண்ணீர் எங்களுக்கு வேண்டாம் என்று விவசாயிகளே சொன்ன கதை தெரியுமா, நேயர்களே? நடந்தது நம்ம கொங்கு மண்ணில்தான்.

மேற்குத் தொடர்ச்சி மலையில், வெள்ளியங்கிரிப் பக்கம் பிறக்கிறது நொய்யல் ஆறு. அங்கே யானை நடமாடும் காடு, பாறையில் வழியும் தெளிந்த ஓடை. அதே ஆறு கோவையின் சாக்கடையைச் சுமந்துகொண்டு, திருப்பூரைத் தாண்டும்போது சாயப்பட்டறைக் கழிவில் நிறமே மாறிப் போனது. அதற்கும் கீழே, ஒரத்துப்பாளையத்தில், பாசனத்துக்காக 1992-ல் ஓர் அணை கட்டினார்கள். ஆனால் அதில் தேங்கியது உப்பும் சாயமும் கலந்த நீர். பாய்ந்த வயலெல்லாம் உப்பேறியது, கிணற்றுத் தண்ணீரும் கெட்டது. மழைக்கு ஏங்கும் வறண்ட பூமிங்க அது! அந்த ஊர் மக்களே தண்ணீர் வேண்டாம் என்றார்கள் என்றால், மனசு என்ன பாடு பட்டிருக்கும்?

விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். சொட்டுக் கழிவுகூட ஆற்றில் விடக்கூடாது என்று உத்தரவு வந்தது. அதை நிறைவேற்றும்வரை திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி, 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாயத் தண்ணீரைச் சுத்திகரித்து மறுபடியும் பயன்படுத்தும் வழக்கம் அங்கே பரவியது அதற்குப் பிறகுதான்.