கட்டிலா, பாயா? பாட்டியிடம் கேட்டீங்களா?

முதியோர் இல்லம் பார்க்கப் போனா என்னென்ன கேட்போம்? மாசம் எவ்வளவு, சாப்பாடு எப்படி, டாக்டர் எப்போ வருவார். பாட்டி ராத்திரி எப்படித் தூங்குவாங்கன்னு சொல்லத் தோணுதா?

அறுபது வருஷம் பாயில் படுத்தவருக்குத் திடீர்னு இரும்புக் கட்டில். வடக்கே தலைவெச்சுப் படுக்காதவருக்கு அந்தப் பக்கமே தலையணை. ஃபேன் காத்து ஆகாதவருக்கு ஃபேனுக்கு நேர் கீழே இடம். இதையெல்லாம் ‘பெருசுங்க அடம்’னு ஒதுக்கிடாதீங்க. வயசாக ஆக ஆழ்ந்த தூக்கம் குறையும். சின்ன சத்தத்துக்கும் முழிப்பு வரும். உடம்போட கடிகாரமும் முன்னாடி நகர்ந்துடும். எட்டு மணிக்கே கண் சொக்குறவருக்கு, பத்து மணி வரை எரியும் ஹால் டியூப்லைட் தண்டனைதான்.

அமெரிக்காவில் இதற்கு விதியே இருக்கு. அங்கே நர்சிங் ஹோம் என்றால் நம்மூர் மாதிரி சின்ன ஆஸ்பத்திரி இல்லை, முதியவர்கள் வருஷக்கணக்கில் தங்கும் இடம். 1987-ல் வந்த சீர்திருத்தச் சட்டமும், 2016-ல் திருத்தப்பட்ட விதிகளும் அங்கே தங்குபவரின் உரிமைகளைச் சொல்கின்றன. எப்போ தூங்கணும், எப்போ எழணும் என்பது அவர் விருப்பம். கணவன், மனைவி இருவரும் சம்மதித்தால் ஒரே அறை. அறையை மாற்றுவதென்றால், காரணத்தோடு முன்கூட்டியே எழுத்தில் சொல்லணும்.

நம்ம 2007 முதியோர் பராமரிப்புச் சட்டம், மாவட்டத்துக்கு ஒரு இல்லமாவது, அதில் 150 பேருக்காவது இடம் என்கிறது. தூக்கம் வரைக்கும் அது போகலை. ஆண்களுக்கு ஒரு ஹால், பெண்களுக்கு ஒரு ஹால் என்றிருக்கும் இடத்தில், ஐம்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தவங்க ராத்திரி ஆனா பிரியணும். எனக்கு இதுதான் ரொம்ப உறுத்துது.

அதுக்காகக் கேட்டதையெல்லாம் அப்படியே செஞ்சுட முடியாது. முட்டி வலிக்காரர் தரையிலிருந்து எழ சிரமப்படுவார். படுக்கைப் புண் வரக்கூடியவருக்கு வெறும் பாய் ஆகாது. உயரம் குறைந்த கட்டில் கேட்டுப் பாருங்க. விழாம இருக்கக் கட்டிலின் ரெண்டு பக்கமும் கம்பித் தடுப்பு போடுறதும் எப்பவும் பாதுகாப்பு இல்லை. அதைத் தாண்டி இறங்கப் பார்த்து இன்னும் உயரத்திலிருந்து விழுந்தவங்க இருக்காங்க; இடுக்கில் சிக்கி உயிர்போனதும் உண்டு.

சேர்க்கும்போதே ஒரு தாளில் எழுதிக் கொடுங்க: தூங்கும் நேரம், எந்தப் பக்கம் தலை, லைட் வேணுமா, பழைய புடவைப் போர்வைதான் வேணுமா, ராத்திரி எத்தனை தடவை பாத்ரூம் போவாங்க. மறதி நோய் இருந்தா, அவங்களால இதைச் சொல்ல முடியாது. உங்களுக்குத்தான் தெரியும்.

சேர்த்த முதல் வாரம் போன் பண்ணி "நல்லா தூங்கினீங்களா?"ன்னு கேட்டா, "ம்"னு முடிச்சுடுவாங்க. "ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வந்துச்சு, பாட்டி?"ன்னு கேளுங்க.